கட்டு வேறு, கொத்து வேறு

1. பெரம்பலூரில் வழக்கறிஞராகத் தொழில் செய்துவரும் வீ. தர்மலிங்கம் ஆகிய நான், காலஞ்சென்ற தாவரவியல் ஆசிரியர் தி. கலியமூர்த்தி அவர்களின் பதினாறாம் நாள் காரியத்தில், படத்திறப்பின்போது வாசிப்பதற்காக இதை எழுதுகிறேன்.

2. நான் அவருக்கு உறவினன் அல்லன். அவரிடம் படித்தவனும் அல்லன். முதலில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர், பிறகு நண்பன்.

3. கண்டதைக் கண்டதாகவும், கேட்டதைக் கேட்டதாகவும் மட்டுமே இதில் சொல்லியிருக்கிறேன். அவர் சொன்ன சொற்களை என் நினைவுக்கு எட்டிய வரை அவர் சொன்னபடியே தந்திருக்கிறேன். நினைவு பிசகியிருந்தால், அவருடைய குடும்பத்தார் இங்கேயே இருக்கிறார்கள், திருத்தலாம்.

இந்த மாசி மாதத்தில் ஒரு காலை, நீதிமன்றத்துக்குப் புறப்படும் நேரத்தில் கைபேசி ஒலித்தது. ஆண்டிமடம் பக்கத்திலிருந்து அவருடைய தம்பி செல்வராசு பேசினார்.

“சார், அண்ணன் போயிட்டாரு சார்.”

கையிலிருந்த கறுப்புக் கோட்டை நாற்காலியில் போட்டேன். அவரே தொடர்ந்தார்.

“காப்பி குடிச்சுட்டுப் பேப்பர் பாத்துக்கிட்டு இருந்தாரு. அப்படியே சாஞ்சுட்டாரு. ஒரு கஷ்டமும் படலை.” மூக்கை உறிஞ்சிக்கொண்டார். “வாங்க சார். வரும்போது பொக்கே கிக்கே வாங்கிட்டு வந்துராதீங்க. எந்திரிச்சுச் சண்டைக்கு வந்துருவாரு.”

அந்த இழவுச் செய்தியின் நடுவில் நான் சிரித்துவிட்டேன். மறுமுனையில் செல்வராசும் சிரித்துக்கொண்டே அழுதார். கலியமூர்த்தி அவர்களை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பிருக்காது. அறியாதவர்களுக்கு நான் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

பெரம்பலூர் தனி மாவட்டமாகிச் சில காலமே ஆகியிருந்தது. அரியலூர் நீதிமன்றத்தில் ஒரு மாந்தோப்பு வழக்கு. பக்கத்து நிலத்துக்காரர் வேலியோரம் குப்பைக்கு வைத்த தீயின் அனல் பட்டு, பூத்திருந்த மரங்கள் கருகிவிட்டன என்பது தோப்புக்காரரின் புகார். தீ வைத்தவருக்கு நான் வழக்கறிஞர். மரங்கள் அப்போது பூத்தே இருக்கவில்லை என்பது எங்கள் வாதம். பூத்திருந்ததை நேரில் கண்டதாகச் சொல்ல, தோப்புக்காரர் ஓர் ஆசிரியரைச் சாட்சியாக அழைத்திருந்தார். வெள்ளைச் சட்டையின் பையில் பேனாவோடு ஏதோ ஒரு பச்சைக் காம்பையும் செருகியிருந்த ஒருவர் கூண்டில் ஏறினார். அன்றுதான் அவரை முதலில் பார்த்தேன்.

சாட்சியைத் தடுமாறச் செய்வதற்கென்று என்னிடம் ஒரு பழகிய கேள்வி இருந்தது.

“மரத்தில் எத்தனை பூ இருந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியுமா?”

“பூவைக் கேக்குறீங்களா, கொத்தைக் கேக்குறீங்களா?”

“பூவைத்தான்.”

“முடியாதுங்க.”

“சரி, கொத்து?”

“அதுவும் சிரமம்ங்க, சார். கொத்துக்குள்ள கொத்து இருக்கே.”

கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும்படி சாட்சியை அறிவுறுத்த வேண்டும் என்று நான் நீதிபதியைக் கேட்டுக்கொண்டேன். கலியமூர்த்தி அவர்கள் கைகூப்பி, “ஐயா, அனுமதி குடுத்தா நேராவே காட்டிடுறேன். உங்க வாசல்லயே ஒரு மாமரம் பூத்து நிக்குது” என்றார். நீதிபதி நகைச்சுவை உணர்வு உள்ளவர். அனுமதித்தார். நீதிமன்ற ஊழியர் ஒருவர் மாம்பூக் கொத்தொன்றைப் பறித்து வந்தார். அதை உயர்த்திப் பிடித்துக்கொண்டு சாட்சி சொன்னது இது:

“நடுவுல ஒரு தண்டு. தண்டுல கிளை. கிளையில சின்னக் கிளை. அந்தச் சின்னக் கிளையிலதான் பூ. இப்படி இருந்தா அதுக்குப் பாடப் புத்தகத்துல கூட்டு மஞ்சரின்னு பேரு. இங்கிலீஷ்ல பேனிக்கிள். இதுல தண்டு இருக்கு, கிளை இருக்கு, பூ இருக்கு. நெருப்புப் பட்டா பூ கருகி உதிர்ந்துரும். ஆனா தண்டும் கிளையும் காஞ்சு மரத்துலயே நிக்கும். அதை நான் பாத்தேன். பூக்காத மரத்துல பூந்தண்டு எப்படிங்க இருக்கும்?”

நான் மேற்கொண்டு கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் கட்சிக்காரருக்குக் கூடுதல் சேதம் ஆகியிருக்கும்.

வெளியே வந்ததும் அவரே என்னைத் தேடி வந்தார். “வக்கீல் சார், டீ சாப்பிடலாமா? தோத்தவங்களுக்கு நான்தான் வாங்கித் தரணும்” என்றார். அப்படித் தொடங்கியது எங்கள் நட்பு.

செந்துறைப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் அவர் தாவரவியல் கற்பித்துவந்தார். அவருடைய டிவிஎஸ் ஐம்பதின் பின்னிருக்கையில் எப்போதும் ஏதாவது ஒரு கொம்பு கட்டப்பட்டிருக்கும்: வேம்பு, புங்கன், சோளக்கதிர், முந்திரி. பெரம்பலூர் வரும்போதெல்லாம் என் அலுவலகத்துக்கு வருவார். கட்சிக்காரர்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்து, அவர்களோடு அவர்களாகத் தன் முறைக்குக் காத்திருப்பார். உள்ளே அழைத்தால் வரமாட்டார். “எனக்கு முன்னாடி வந்தவங்க இருக்காங்க சார்” என்பார். அதற்குள் பெஞ்சில் இருப்பவர்களின் வழக்குகள் அனைத்தும் அவருக்குத் தெரிந்திருக்கும். அவர்களில் இருவராவது தம்மில் சமாதானமாகிக் கிளம்பியும் இருப்பார்கள். இதனால் என் தொழிலுக்கு விளைந்த இழப்பை நான் அவரிடம் பலமுறை எடுத்துச் சொல்லியிருக்கிறேன்.

சொற்களின் எல்லையில் அவருக்கும் எனக்கும் ஒரே மாதிரியான பிடிவாதம் உண்டு. ‘கட்டடம்’ என்றால் எது, ‘பாதை’ என்றால் எது என்று நான் மல்லுக்கு நிற்பேன். அவர் பூவுக்கு நிற்பார். பேனிக்கிள் என்ற சொல்லின் மூலத்தை ஒரு நாள் எங்கோ படித்துவிட்டு, மழையில் நனைந்தபடி என் அலுவலகத்துக்குள் நுழைந்தார். பழைய லத்தீனில் அது தினை போன்ற புன்செய்த் தானியத்தின் கதிரைக் குறித்த சொல்லிலிருந்து வந்ததாம்.

“பாருங்க சார், அந்த ஊர்க்காரனும் கம்பும் வரகும் வெதச்சவன்தான். நம்மாளு! கதிரைப் பாத்துட்டுத்தான் பேரு வச்சிருக்கான். நம்ம மானாவாரிக் காட்டுல நின்னுதான் வச்சிருப்பான்!”

“அதற்குச் சான்று உண்டா?” என்று கேட்டேன்.

“என் சந்தோசம்தான் சான்று. குறிச்சுக்குங்க” என்றார்.

அவர் பணி ஓய்வு பெற்றபோது பள்ளியில் ஒரு விழா நடந்தது. நானும் மேடையில் இருந்தேன். விழாக் குழுவினர் திருச்சியிலிருந்து வரவழைத்த பொக்கே ஒன்றை அவர் கையில் கொடுத்து, “இந்தப் பூங்கொத்தை அன்போடு ஏற்றுக்கொள்ளுங்கள்” என்றார்கள். வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒலிபெருக்கி முன்னால் வந்தார். முதல் வாக்கியத்திலேயே வகுப்பு தொடங்கிவிட்டது.

“அன்புக்கு நன்றி. ஆனா இது கொத்து இல்லை, கட்டு. ரோஜா ஒரு ஊரு, செண்டுமல்லி ஒரு ஊரு, இந்தப் பச்சை எந்த ஊருன்னு எனக்கே தெரியலை. நூலை அவிழ்த்தா அதுஅது அதும்பாட்டுக்குப் போயிரும். கொத்துன்னா ஒரே தண்டுல வந்திருக்கணும். கட்டு வேற, கொத்து வேற.”

கூட்டம் ஆரவாரித்தது. தலைமையாசிரியர் மட்டும் பொக்கேயின் விலையை நினைத்து முகம் வாடினார் என்று பிற்பாடு சொல்லக் கேட்டேன். அன்றிலிருந்து இந்த வட்டாரத்தில் யாரும் அவர் முன்னிலையில் பொக்கே கொடுத்ததில்லை. என் மகள் திருமணத்தில் ஒருவர் கொடுக்க முயன்றார். அவரை நான் வாசலிலேயே தடுத்தேன்.

இனி நான் சொல்லப்போவது அவர் வாழ்வில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது. குடும்ப விஷயமாதலால், அவருடைய அண்ணி, தம்பி, தம்பியின் மனைவி மூவரின் அனுமதியும் பெற்றே எழுதுகிறேன்.

கலியமூர்த்தி அவர்கள் மூன்று சகோதரர்களில் இரண்டாமவர். மூத்தவர் பழனிவேல், இளையவர் செல்வராசு. பழனிவேல் தம் தந்தைக்கு முன்பே காலமாகிவிட்டார். அவருக்குப் பின் மனைவி அஞ்சலை அம்மாளும் இரண்டு பெண் பிள்ளைகளும் இருந்தார்கள். கலியமூர்த்தி அவர்களின் துணைவியாரும் நெடுநாளைக்கு முன்பே மறைந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. செல்வராசுக்கும் இரண்டு பெண்கள். முந்திரிக்கொட்டை வாங்கி விற்பது அவர் தொழில். தந்தை தம் சொந்த உழைப்பில் சேர்த்தது ஆண்டிமடம் அருகே ஒரு முந்திரிக் காடு. அவர் உயில் எழுதாமல் மறைந்தார்.

அந்தக் காட்டை இரண்டாகப் பிரித்தால் போதும் என்றார் செல்வராசு. “ஆம்பளப் புள்ள இல்லாத வூட்டுக்குக் காடு எதுக்கு? அண்ணிக்கு வேணுங்கிறதை நாம பாத்துக்குவோம்” என்பது அவர் கட்சி. தீய எண்ணத்தில் சொன்னதாக நான் கருதவில்லை. ஊரில் அப்படித்தான் பேசுவார்கள், அவரும் பேசினார்.

கலியமூர்த்தி அவர்கள் என்னிடம் வந்தார். வழக்கம்போல் பெஞ்சில் காத்திருந்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். சட்டம் தெளிவாக இருந்தது: தந்தைக்கு முன் மறைந்த மகனின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து, அந்த மகனுக்குரிய ஒரு பங்கு உண்டு. அஞ்சலை அம்மாள் சார்பில் வழக்குத் தொடுத்தால் வெற்றி உறுதி என்றேன். நான் ‘உறுதி’ என்ற சொல்லை எளிதில் பயன்படுத்துபவன் அல்லன்.

“தெரியும் சார். கேஸ் போட்டா நீங்க ஜெயிச்சுருவீங்க. அப்புறம் பொங்கலுக்கு நான் யார் வூட்டுக்குப் போறது?”

நான் பேனாவை மூடி வைத்தேன்.

“அண்ணிக்குப் பங்கு வரணும். தம்பியும் தம்பியாவே இருக்கணும். ரெண்டுல ஒண்ணு போனாலும் எனக்குத் தோல்விதான். பாருங்க, நம்ம மாவட்டத்துலேருந்து அரியலூரைப் பிரிச்சாங்க, ஒரு வருசம் கழிச்சுத் திரும்பச் சேத்துட்டாங்க. அரசாங்கத்துக்கு அந்த வசதி இருக்கு. கோர்ட்டுல பிரிஞ்ச அண்ணன் தம்பிக்கு அது இல்லை.”

தை மாதத்தில் ஒரு காலைப்பொழுது. காடு முழுவதும் பூத்திருந்தது. முந்திரிப் பூவின் மணம் காரமும் இனிப்புமாகக் காற்றில் நின்றது. ஊர்ப் பெரியவர் ஒருவர், சகோதரர் இருவர், செல்வராசின் மனைவி கொளஞ்சி, நான் ஆகியோர் ஒரு மரத்தடியில் கூடியிருந்தோம். அஞ்சலை அம்மாள் தம் பெண்களோடு சற்றுத் தள்ளி நின்றார்.

நான் சட்டத்தை எடுத்துச் சொன்னேன். நன்றாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். செல்வராசு மரியாதையோடு கேட்டுவிட்டு, “சட்டம் டவுன்ல இருக்கட்டும் சார்” என்றார்.

அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. சொத்தைப் பிரிக்கும்போது மூத்தவர் பங்கு வைப்பார். இளையவர் முதலில் எடுப்பார். வைத்தவருக்குக் கடைசியாக மிஞ்சுவதுதான். ஆகவே வைப்பவர் நேர்மையாக வைத்தாக வேண்டும். செல்வராசு இந்த வழக்கத்தைச் சுட்டி, “அண்ணே, இப்ப நீதான் மூத்தவரு. ரெண்டா வையி. நான் எடுத்துக்கிறேன்” என்றார்.

கலியமூர்த்தி அவர்கள் எழுந்து, தலைக்கு மேலிருந்த ஒரு பூங்கொத்தை ஒடித்தார்.

“தம்பி, இது என்னா?”

“என்னாண்ணே, இங்கயும் பள்ளிக்கூடமா? கொத்து.”

“கொத்துன்னா?”

“கொத்துன்னா கொத்துதான்! நீ மைக்குல சொன்னியே, ஒரே தண்டுல வர்றது.”

“பாஸ்” என்றார் பெரியவர். அனைவரும் சிரித்தோம்.

கலியமூர்த்தி அவர்கள் தண்டில் கீழே இருந்த கிளையை விரலால் ஒரு சுண்டு சுண்டினார். அதிலிருந்த பூக்கள் உதிர்ந்து செல்வராசின் மடியில் விழுந்தன.

“இப்ப இதுல எத்தனை கிளை குறைஞ்சிருக்கு?”

செல்வராசு பார்த்தார். கிளை அப்படியே நின்றது. “பூவே போயிடுச்சு. அப்புறம் கிளை இருந்தா என்னா, இல்லாட்டி என்னா?” என்றார்.

அப்போது கொளஞ்சி முன்னால் வந்தார். கலியமூர்த்தி அவர்களின் கையிலிருந்த கொத்தை வாங்கிக் கணவரின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“அப்ப நாளைக்கு நீங்க உதிர்ந்தீங்கன்னா? நானும் என் ரெண்டு பொண்ணுங்களும் அக்கா மாதிரி அந்த மரத்தடியில போயி நிக்கணுமா?”

“ஏய், வாயக் கழுவு!”

“நான் சொல்லலை. நீங்க சொன்ன கணக்குதான். எனக்கும் ஆம்பளப் புள்ள இல்ல. மறந்துட்டீங்களா?”

நான் சட்டப் புத்தகத்தை மூடிப் பையில் வைத்தேன். இனி அதற்கு அங்கே வேலை இல்லை.

கலியமூர்த்தி அவர்கள் தம்பியின் அருகில் உட்கார்ந்தார். “வழக்கத்தை நீதான் சொன்ன. நானும் அதுக்குக் கட்டுப்படுறேன். ஆனா நான் மூத்தவன் இல்லைடா. மூத்தவரு போயிட்டாரு, மூத்தவரு கிளை நிக்குது. அண்ணி பங்கு வைக்கட்டும். இளையவன் நீ எடு.”

செல்வராசு நெடுநேரம் மடியிலிருந்த பூவைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு, ஊரில் தலைநிமிர்ந்து நடப்பதற்கு ஒரு வழி கிடைத்தவரைப் போலக் கேட்டார்:

“அண்ணி வச்சா… நான்தான மொதல்ல எடுப்பேன்?”

“நீயேதான்.”

“மாத்திப் பேசமாட்டியே?”

“வக்கீல் சார் சாட்சி.”

அஞ்சலை அம்மாள் பழைய சேலை ஒன்றைக் கிழித்து, மரத்துக்கு மரம் துணி கட்டிக்கொண்டு போனார். காடு மூன்றாயிற்று. செல்வராசு எடுக்கப் புறப்பட்டார். முதல் பங்கைச் சுற்றினார். இரண்டாவதைச் சுற்றினார். மூன்றாவதைப் பார்த்துவிட்டு மறுபடி முதல் பங்குக்கே வந்தார். வெயில் உச்சிக்கு ஏறியது. எதை எடுத்தாலும் மற்றது மேலாகத் தெரிந்தது அவருக்கு.

கொளஞ்சி குரல் கொடுத்தார்: “பொண்ணு பாக்க வந்தவராட்டம் எத்தனை சுத்துதான் சுத்துவீங்க? ஏதாவது ஒண்ணுக்குத் தலையாட்டுங்க, சோறு ஆறுது!”

அஞ்சலை அம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். கணவர் போனபின் அவர் அப்படிச் சிரித்து அன்றுதான் பார்த்ததாகக் கலியமூர்த்தி அவர்கள் பிறகு என்னிடம் சொன்னார். செல்வராசும் சிரித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினார். எந்தப் பக்கம் நீண்டதோ அது அவருடையதாயிற்று. அடுத்ததைக் கலியமூர்த்தி அவர்கள் எடுத்தார். மிஞ்சியது மூத்த கிளைக்கு.

பத்திரத்தை நான் எழுதினேன். பதிவு அலுவலகத்தில் கையெழுத்திடும் முன் முழுவதையும் சத்தமாக வாசிக்கச் சொன்னார். முடித்ததும், “சார், உங்க தமிழ் நல்லாத்தான் இருக்கு. ஆனா இவ்வளவு நீளத் தண்டுல ஒரு பூகூட இல்லையே” என்றார். சார்பதிவாளரும் சிரித்தார்.

அதன்பின் வந்த பொங்கல்களில் அவர் மூன்று வீட்டுப் பொங்கலும் சாப்பிட்டார். காலையில் தன் வீட்டில் தானே பொங்கியது. அது சுமார் என்று அவரே ஒப்புக்கொள்வார். நண்பகலில் அண்ணி வீட்டில். மாலையில் தம்பி வீட்டில். மறுநாள் எனக்குத் தொலைபேசியில் பேசுவார். “வக்கீல் சார், வயிறு கனமா இருக்கு. நீங்க ஜெயிக்காம விட்ட கேஸோட பலன்” என்பார். நான் நடத்தாத வழக்குகளில் எனக்கு மிகப் பெருமை தருவது அதுதான்.

மாசி மாதத்தின் அந்தக் காலைக்குத் திரும்புகிறேன். நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் பெருங்கூட்டம். அரியலூரிலிருந்தும் செந்துறையிலிருந்தும் அவருடைய மாணவர்கள் பேருந்து பேருந்தாக வந்து இறங்கினார்கள். மாலைகள் குவிந்தன. பொக்கே ஒன்றுகூட இல்லை. ஒவ்வொருவரும் அடுத்தவரிடம் மெதுவாக எச்சரித்தே வந்திருக்கிறார்கள். அழ வந்தவர்கள், அவர் வகுப்பில் சொன்னதை ஆளுக்கொன்றாகச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாசலில் நான் கேட்ட சிரிப்பைச் சில திருமண வீடுகளில்கூடக் கேட்டதில்லை.

எடுக்கும் நேரத்தில் செல்வராசைக் காணவில்லை. கொள்ளி வைக்க வேண்டியவர் எங்கே என்று பெரியவர் குரல் எழுப்பினார். சிறிது நேரத்தில் வேர்த்து விறுவிறுக்க ஓடி வந்தார். கையில் ஒரு முந்திரிப் பூங்கொத்து. கீழ்க்கிளைகளில் பூ முடிந்து, மிளகளவு பச்சைப் பிஞ்சுகள் பிடித்திருந்தன. நடுவில் இளஞ்சிவப்பாகப் பூ. நுனியில் இன்னும் திறக்காத மொட்டு. அண்ணனின் நெஞ்சின்மேல் அதை வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, ஒரு சாட்சி வழக்கறிஞரிடம் சொல்வதுபோல, தாழ்ந்த குரலில் சொன்னார்:

“என் பங்குல பறிக்கலை சார். மூத்த பங்குலதான் பிஞ்சு பிடிச்சிருந்துச்சு. அண்ணிகிட்டக் கேட்டுட்டுத்தான் பறிச்சேன்.”

கலியமூர்த்தி அவர்களே, கேட்டீர்களா? கேட்டுவிட்டுப் பறித்திருக்கிறார். உங்கள் தரப்புக்கு இனி நான் சேர்க்க வேண்டிய சான்று எதுவும் இல்லை. அன்று கூண்டில் உங்களை நோக்கிக் கேட்ட கேள்விக்கு மட்டும் இன்றுவரை என்னிடம் விடையில்லை: உங்கள் தண்டில் எத்தனை பூ என்று எண்ண முடியவில்லை. போய் வாருங்கள். அங்கேயும் பெஞ்ச் இருந்தால், உங்களுக்கு முன்னால் வந்தவர்களை உள்ளே அனுப்பிவிட்டுத்தான் போவீர்கள் என்பது எனக்கு உறுதியாகத் தெரியும்.

மேலே கண்டவை அனைத்தும் என் அறிவுக்கும் நினைவுக்கும் எட்டிய வரை உண்மை. சாட்சிகளுக்கு முன்கூட்டியே வாசித்துக் காட்டியபோது ஒரேயொரு திருத்தம் வந்தது: பங்கு எடுத்த அன்று கண்ணை மூடிக்கொண்டு கை நீட்டவில்லை, ஒரு கண்ணைத் திறந்தே வைத்திருந்ததாக இரண்டாம் சாட்சி தாமாகவே தெரிவித்தார். அது பதிவு செய்யப்படுகிறது.

(ஒப்பம்)
வீ. தர்மலிங்கம்
வழக்கறிஞர், பெரம்பலூர்

சாட்சிகள்:
1. அஞ்சலை, பழனிவேல் அவர்களின் மனைவி, மூத்த கிளை
2. செல்வராசு, இளைய கிளை